வெலிமடையிலிருந்து லீலாவதி பேசுகின்றேன்

போன மாதம் அம்மாவுக்கு ஒரு மெத்தை வாங்கலாமென்று பதுளை கடைத்தெருவுக்குப் போனேன். காலையிலிருந்தே மழை. கடை வாசலில் அடுக்கியிருந்த ஸ்பொஞ் மெத்தைகளின் ஓரமெல்லாம் சாரலில் நனைந்திருந்தது. உள்ளே காலை வைத்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், அப்படியே நின்றுவிட்டேன். ஈர ஸ்பொஞ்சும் பழைய பசையும் கலந்த புழுக்க வாசனை. யாருக்கும் பிடிக்காத வாசனைதான். நான் குனிந்து மெத்தையில் மூக்கை வைத்தே முகர்ந்தேன். கடைக்காரர் பதறிவிட்டார்.

"மிஸ், அது புதுசுதான் மிஸ். ஒரு மணமும் இல்ல."

"இருக்கே. நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு எப்படி விளக்குவது? என்னுடைய இருபதுகளில் பாதி அந்த வாசனைக்குள்தான் கழிந்தது.

அப்போது நான் கொழும்பில் ஒரு தனியார் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தேன். அறிவிப்பாளர் என்றதும் கண்ணாடி மாளிகையைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடி. சத்தம் எதிரொலிக்கக் கூடாதென்று சுவர் முழுக்க ஸ்பொஞ் ஒட்டியிருந்தார்கள். கூரை ஒழுகும். மழைக்காலம் வந்தால் சுவருக்கே சளி பிடித்துவிடும். அந்த ஈரத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் "இதமான காலை வேளையில்" என்று நாங்கள் குழைவோம்.

நான் லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. குரல் நன்றாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டார்கள், பேச்சு மட்டும் சரியில்லையாம். "தோட்டம் எட்டிப் பாக்குது, தங்கச்சி" என்பார் எங்கள் நிகழ்ச்சி முகாமையாளர் தவம் அண்ணை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பேச்சில் யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கவில்லை, பாய் விரித்தே படுத்திருந்தது. ஆனால் அவர் முகாமையாளர். அதனால் நான் ஒரு தமிழைக் கற்றுக்கொண்டேன். ஒலிபரப்பு அறைக் கதவைத் திறந்தால் 'இருக்கு' 'இருக்கின்றது' ஆகிவிடும். 'வாங்க' 'வாருங்கள்' ஆகிவிடும். வெளியே வரும்போது பழைய தமிழை மாட்டிக்கொள்ளச் சில நாள் மறந்தும் போகும். ஒருமுறை வெள்ளவத்தைக் கடையொன்றில் "எனக்கு இரண்டு ரொட்டி தேவைப்படுகின்றது" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரப் பையன் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டான்.

தங்கியிருந்ததும் வெள்ளவத்தையில்தான், ஒரு வீட்டின் பின்னறையில். வீட்டுக்கார அம்மா தொலைபேசியின் இலக்கங்களுக்கு மேல் ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருப்பார். வெளியே எடுக்க முடியாது. உள்ளே வரும் அழைப்புக்கும் பூட்டுத்தான், ஆனால் அது அவருடைய வாயில் இருந்தது. யார் கேட்டாலும் "பிள்ளை இல்லை" என்று வைத்துவிடுவார். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் தோட்டத்தில் அப்போது யாரிடமும் தொலைபேசி இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லுணுகலை டவுனுக்கு இறங்கி, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானா நடத்திய கொமியுனிகேஷனில், காசுக்குத் தொலைபேசி எடுக்கும் கடையில், வரிசையில் நின்று, கொழும்புக்கு எடுத்து, "பிள்ளை இல்லை" என்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பி மலை ஏறுவார். சில வாரம் பொறுத்தார். அதற்குமேல் பொறுக்க எங்கள் அம்மா அருளாயிக்குத் தெரியாது.

ஞாயிறு காலையில் நான் செய்த நிகழ்ச்சி, நேயர்கள் தொலைபேசியில் வந்து வாழ்த்துச் சொல்லிப் பாட்டுக் கேட்பது. நேரடி ஒலிபரப்பு. இலக்கத்தை நானே வாய் நிறையச் சொல்வேன். அதை நானாவின் கடை ரேடியோவிலும் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வணக்கம், யார் பேசுகிறீர்கள்?"

"என்னாடி யாருன்னு கேக்குற? அம்மா கொரல் தெரியலையா?"

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வேர்த்தது. நாடே கேட்டுக்கொண்டிருக்கிறது. வேறு வழி தெரியாமல் ஒலிபரப்புத் தமிழையே பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்கள் அம்மா, எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"எங்கருந்து பேசுவேன்? லுணுகலையிலருந்துதான்."

"உங்கள் வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்."

"கொறைச்சா நான் பேசுறது எனக்கு எப்படிக் கேக்கும்?"

"என்ன பாடல் வேண்டும் அம்மா?"

"பாட்டு கெடக்கட்டும். நீ சாப்புட்டியா? கறுப்பாடு ரெண்டு குட்டி போட்டுருச்சு. ஒன்னு நெத்தியில வெள்ள."

ஒலிக்கட்டுப்பாட்டில் நிமல் இருந்தான். சிங்களப் பையன், தமிழ் ஒரு சொல் புரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்து, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். அன்றிலிருந்து லுணுகலை அழைப்பு வந்தாலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுவான். "அக்கே, அம்மா ஆவா!" அம்மா வந்துட்டாங்க.

அடுத்த ஞாயிறும் அம்மா வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். தவம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இது வானொலி நிலையமோ, உங்கட வீட்டுக் குசினியோ? இனிமேல் சொந்தக்காரர் ஒருத்தரும் எடுக்கக் கூடாது. எடுத்தா உமக்கு வேலை இல்லை, விளங்கிச்சோ?"

அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பூட்டின கதைதான் தெரியுமே. அதனால் அடுத்த ஞாயிறு நேயர்களுக்கே சொன்னேன். அறிவிப்பாளர்களின் உறவினர்கள் இந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ள முடியாது என்பதைப் பணிவன்புடன் அறியத் தருகின்றோம். சொல்லி முடிக்கவில்லை, அழைப்பு வந்தது.

"வணக்கம் சகோதரி. வெலிமடையிலிருந்து லீலாவதி பேசுகின்றேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான தமிழ். பிறகுதான் உறைத்தது, அது என்னுடைய தமிழ். வாரா வாரம் கேட்டுக் கேட்டு, நான் 'கின்றது' போடும் இடத்திலெல்லாம் தானும் 'கின்றது' போட்டுக்கொண்டு அம்மா பேசிக்கொண்டிருந்தார். வெலிமடையை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அங்கிருந்து சந்தைக்கு வரும் லீக்ஸ் மரக்கறியைத்தான் பார்த்திருக்கிறார்.

"என்ன செய்கிறீர்கள் லீலாவதி?"

"உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருக்கின்றோம், சகோதரி."

அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு கொண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினான். "பசறை பதுளை! பசறை பதுளை! ஏறு ஏறு!" லுணுகலை பஸ் நிலையம் முழுவதும் அந்த உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தது.

லீலாவதிக்கு ஒரு பக்கத்து வீட்டு அம்மா இருந்தார். அந்த அம்மாவுக்குக் கொழும்பில் வேலை செய்யும் ஒரு மகள். அவள் தலைக்கு எண்ணெய் வைக்கின்றாளா என்று அந்த அம்மா கவலைப்படுகின்றார். கறுப்பாட்டின் குட்டிகள் நலமாக இருக்கின்றன என்று தெரிவிக்கச் சொன்னார். இப்படியாக லீலாவதி வாரா வாரம் வந்தார். உண்மை தெரியாதவர் என்று ஊவா மாகாணத்தில் ஒருவரும் மிச்சமில்லை. அப்புத்தளையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் பேசுகிறவர்கள் பாட்டுக் கேட்பதற்கு முன்னால் ஆட்டுக்குட்டியைக் கேட்டார்கள். தெரியாதது தவம் அண்ணைக்கு மட்டும்தான். அல்லது அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு லீலாவதியின் குரல் வழக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது. பயந்திருக்க வேண்டும் நான்.

"சகோதரி, பக்கத்து வீட்டில் ஒரு சிக்கல். அந்த மகளுக்கு மடுல்சீமையில் மாப்பிள்ளை பார்த்திருக்கின்றார்கள். தோட்டப் பாடசாலையில் வாத்தியார். சாராயம் தொடுவதில்லையாம். வருகின்ற ஞாயிறு பெண் பார்க்க வருகின்றார்கள். அந்தப் பிள்ளை லீவு போட்டுவிட்டு வருமா என்று தெரிய வேண்டியிருக்கின்றது."

"அந்தப் பிள்ளையிடம் கேட்டார்களா?"

"இப்போதுதான் கேட்கின்றோம்."

எனக்கு வாய் வரவில்லை. வானொலியில் மௌனத்தைப் போலப் பெரிய குற்றம் கிடையாது. நிமல் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று, பேசு பேசு என்று கையால் மன்றாடினான். ஸ்பொஞ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது நான் பாடுபட்டுக் கற்ற தமிழ் இல்லை.

"வேணாம்மா. எனக்கு இந்த வேல புடிச்சிருக்கு. கல்யாணம் கட்டுனா விடச் சொல்லுவாங்க. கொஞ்ச நாளைக்கு என்னைய விடும்மா."

அந்தப் பக்கம் நானாவின் கடையில் வரிசையில் நின்ற யாரோ "ஐயோ பாவம்" என்றது தெளிவாகக் கேட்டது. பிறகு லீலாவதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி சகோதரி. பக்கத்து வீட்டில் சொல்லிவிடுகின்றேன்."

வைத்துவிட்டார். எனக்குக் கண் முட்டிவிட்டது. ஏதாவது பாட்டைப் போடு என்று நிமலுக்குச் சைகை காட்டினேன். தமிழ் தெரியாத பிள்ளை, கைக்கு அகப்பட்டதைப் போட்டான். நாதஸ்வரமும் மேளமும் முழங்கக் கல்யாணப் பாட்டு.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் ஒருவரும் பாட்டுக் கேட்கவில்லை. பண்டாரவளையிலிருந்து ஒரு பெரியவர், "புள்ளைய கட்டாயப்படுத்தாதீங்க, நான் சொல்றேன்" என்றார். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்புத்தளை அம்மா ஒருவர், "சாராயம் தொடாத மாப்பிள்ளைய விட்டுறாத தாயி, எங்க தேடுனாலும் கெடைக்காது" என்று அழாத குறையாகச் சொன்னார். கடைசியாக ஒரு ஆண் குரல். மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல. நேரடி ஒலிபரப்பில்.

"மடுல்சீமையிலருந்து பேசுறேங்க. பேரு வேணாம்."

"சொல்லுங்கள்."

"லீலாவதி அக்காவுக்கு ஒன்னு சொல்லணும். அந்த வாத்தியாருக்கும் இப்ப கல்யாணம் வேணாமாம். அவர் மனசுல வேற ஒருத்தங்க இருக்காங்க. வீட்டுல சொல்லத்தான் தைரியம் வரல. அவரோட அம்மா இந்த நிகழ்ச்சிய ஒரு வாரம் விடாம கேப்பாங்க. அதான் இதுல சொல்லிட்டேன்."

"நன்றி. என்ன பாடல் வேண்டும்?"

"எதுன்னாலும் போடுங்க. கொஞ்சம் நீளமான பாட்டா போடுங்க. நான் வீட்டுக்குப் போய்ச் சேரணும்."

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் தவம் அண்ணை நின்றார். ஞாயிற்றுக்கிழமை வராத மனிதர். என் வேலை முடிந்தது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"லீலாவதி வாற ஞாயிறும் எடுப்பாவோ?"

"தெரியாது அண்ணை."

"எடுக்கச் சொல்லும். ஒரு சவர்க்காரக் கொம்பனி கேக்குது, அந்த மனிசி கதைக்கிற நேரத்துக்கு விளம்பரம் போட ஏலுமோ எண்டு." நடந்துபோனவர் திரும்பினார். "உம்மட அம்மா நல்ல தமிழ் கதைக்கிறா. நீரும் பழகும்."

ஆனால் லீலாவதி எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. நிமல் அழைப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா நே," இல்லை, என்று உதட்டைப் பிதுக்குவான். நாடே கேட்டுக்கொண்டிருக்க 'வேணாம்' என்று சொன்ன மகளை எந்தத் தாய்தான் கூப்பிடுவாள்?

கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்தது. பதுளையில் பஸ் ஏறி, "லுணுகலை ஒன்னு" என்றேன். டிக்கட் கிழித்த கொண்டக்டர் கை அப்படியே நின்றது.

"கொரலு... நீங்கதானே அது? அந்த வெள்ள நெத்திக் குட்டி எப்படிங்க இருக்கு?"

பசறை தாண்டும்வரை பஸ் முழுக்க என் கல்யாணப் பேச்சுத்தான். பின் சீட்டில் ஒரு ஐயா வாத்தியார் பக்கம். முன் சீட்டு அம்மாமார் என் பக்கம். நான் ஜன்னல் பக்கம்.

தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அம்மா ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "சாப்புட்டியா?" பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன்.

"ஏம்மா இப்ப கூப்புடுறதே இல்ல? கோவமா?"

"என்னாத்துக்குக் கோவம்? கேக்க வேண்டியத கேட்டாச்சு."

"நம்ம வீட்டு விஷயத்த ஊரு ஒலகம் கேக்குற மாதிரியா கேக்குறது?"

அம்மா குழையை உதறிக்கொண்டே சொன்னார். "இங்க வச்சுக் கேட்டிருந்தா என்னா சொல்லிருப்ப? தலையக் குனிஞ்சிக்கிட்டு 'ஒங்க இஷ்டம்'னு சொல்லிருப்ப. நானும் கட்டி வச்சிருப்பேன். மைக்க கண்டாத்தானே ஒனக்கு வாய் தொறக்குது."

அப்போதுதான், பெண் பார்க்கும் விஷயம் நான் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் ஏன் நேராக வானொலிக்கு வந்தது என்று எனக்கு விளங்கியது. நானும் ஒரு குழையை எடுத்து ஆட்டுக்கு நீட்டினேன்.

"அந்த வாத்தியார் வீட்டுல?"

"அவனுக்கு அவங்க அம்மாகிட்ட நல்லா கெடைச்சுச்சாம். அப்புறம் அவன் விரும்புன புள்ளையவே பேசி முடிச்சிட்டாங்க. வாத்தியாரோட அம்மா நானா கடைக்கே போன் எடுத்து எங்கிட்ட பேசுச்சு. நாங்க இப்ப நல்ல பழக்கம். வாத்தியார் கல்யாணத்துக்கு நம்மளையும் கூப்புட்டிருக்கு, ஒரு சேல வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கும் போனோம். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கும்பிட்ட கும்பிடு, சாமிக்குக்கூட அப்படி ஒருவர் கும்பிட்டிருக்க மாட்டார்.

அந்த நிகழ்ச்சி பிறகு சில வருடம் ஓடியது. இப்போது அந்த நேரத்தில் நேயர்கள் அனுப்பும் குரல் செய்திகளைப் போடுகிறார்கள். முதலில் கேட்டுப் பார்த்து, வெட்டித் திருத்தி, பிறகுதான் போடுவார்கள். யாரும் யாரையும் மாட்டிவிட முடியாது. தவம் அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். நாங்கள் இருந்த மேல்மாடியில் மணப்பெண் அலங்காரக் கடை வந்திருக்கிறது. லுணுகலையில் கொமியுனிகேஷன் என்று கேட்டால் இளசுகளுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. நானா இருந்த இடத்தில் அவருடைய மகன் போனுக்கு உறை விற்கிறான்.

அம்மாவிடம் நல்ல போன் இருக்கிறது, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பூட்டும் இல்லை, வரிசையும் இல்லை, நினைத்த நேரம் பேசலாம். வீடியோவில் வந்தால் பாதி நெற்றியும் லயத்துத் தகரமும் தெரியும். "எப்படிம்மா இருக்க?" என்றால் "இருக்கேன்" என்பார். "என்ன விசேஷம்?" என்றால் "ஒன்னுமில்ல" என்பார். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"சரி, வச்சிரவா?"

வைப்பதற்கு முன்னால் நான் போனைக் காதோடு ஒட்டி ஒரு நொடி கேட்பேன். பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் இல்லை. 'சீக்கிரம் பேசுங்க' என்று அவசரப்படுத்த யாரும் இல்லை. 'ஐயோ பாவம்' என்று சொல்ல ஒருவர் இல்லை. அம்மாவின் குரலுக்குப் பின்னால் இப்போது ஒருவருமே இல்லை.