சமையல் குழாயில் வந்த பச்சை

அந்தச் சனிக்கிழமை படகில் இருந்தது மூன்று பேர். படகை வாங்கிய அண்ணன், அவருடைய மச்சினர், நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் அவர்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்த நான். அண்ணன் எனக்கு உறவில்லை. ஆபீஸில் இரண்டு படி மேலே இருப்பவர், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், அதனால் அண்ணன். வராதது இரண்டு பேர்: அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அப்புறம் அவர்களுடைய கைக்குழந்தை. அந்தப் படகின் குழாய்த் தண்ணீர் உண்மையில் வாய்க்குள் போவது அந்தக் குழந்தைக்குத்தான். கோடை முழுக்க அக்கா அதைப் பிடித்துக் கொதிக்கவைத்துப் பால்பவுடர் கலக்கினார். நாங்கள் மூன்று பேரும் ஐஸ்பெட்டியிலிருந்து பீர் எடுத்துக் குடித்தோம்.

ஜெர்சியில் குளிர் இறங்குவதற்குள் படகில் உள்ள தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, எஞ்சினுக்கும் குழாய்களுக்கும் ஆன்டிஃப்ரீஸ் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தங்கின தண்ணீர் உறைந்து, பருத்து, குழாயைப் பிளந்துவிடும். எங்கள் கையில் இருந்தது இரண்டு வகை. ரோஸ் நிறத்தது, படகின் குடிதண்ணீர்க் குழாய்க்கென்றே விற்பது. பச்சை, காருக்கானது. அது விஷம். தித்திப்பாக வேறு இருக்கும், தரையில் சிந்தினால் நாய்கள் நக்கிச் செத்துப்போகும். இதெல்லாம் டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். பூச்சிமருந்து வாங்கிவந்தால் அப்பா என்னிடம்தான் டப்பாவை நீட்டுவார். ஒரு வரி விடாமல் படிக்கிற பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டது.

நான் அதை உரக்கப் படித்தது மச்சினருக்கு நல்ல வேடிக்கை. "மாமா, வாத்தியார் பாடம் எடுக்கிறாரு. நோட் எடுத்துக்கோங்க" என்றார்.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி இரும்புக் கால்கள் மேல் நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினிலும் ரோஸ் மட்டும்தான் விடவேண்டும் என்பது படகுகளை நிறுத்திவைக்கும் அந்த மரினாவின் விதி. வசந்தத்தில் முதல் ஸ்டார்ட்டின்போது அத்தனையும் ஆற்றில்தான் போய்க் கொட்டும். இரண்டு எஞ்சின்களும் நாங்கள் கொண்டுபோன ரோஸை மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தன. மிஞ்சியது ஒரே ஒரு டப்பா.

அடுத்தது தண்ணீர்க் குழாய்கள். சிங்க்குக்குக் கீழே இருந்த வளைவுக் குழாயை நான் கழற்றினேன். உப்பிப்போன சோற்றுப் பருக்கைகள், கறுத்த கறிவேப்பிலை, வெள்ளையாய்க் கட்டிய பிரியாணி நெய், எல்லாம் கொழகொழவென்று என் மணிக்கட்டு வரை வழிந்தன. பக்கத்திலேயே கழிவறை. கதவு சரியாக மூடாது. இரண்டு நாற்றமும் கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சிங்க்குக்கு அடியில் புதிதாக ஒரு குழாய் கிளை பிரிந்து கழிவறைக்குப் போயிற்று. அது மச்சினரின் கைவேலை. பேப்பரில் துடைத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் மனம் வராது. அதனால் ஜூன் மாதமே சமையல் குழாயிலிருந்து இழுத்து ஒரு ஹெல்த் ஃபாசெட் மாட்டியிருந்தார். ஆனால் பம்ப் ஒன்றுதான். அதன் உறிஞ்சு குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி ஆன்டிஃப்ரீஸ் டப்பாவுக்குள் விட்டால், திறந்திருக்கிற குழாய்கள் எல்லாவற்றுக்கும் அது போகும்.

"இன்னும் நாலு ரோஸ் வேணும்ண்ணா. கடை பக்கத்துலதான்" என்றேன்.

"டிக்கி நிறைய வெச்சுக்கிட்டு மறுபடி கடைக்கா?"

டிக்கியில் இருந்தது பச்சை. ஒரு முழு கேஸ், ஆறு கேலன். போன தேங்க்ஸ்கிவிங் டீலில் மச்சினர் அள்ளியது. டீலில் வாங்கிய பொருளை எங்கேயாவது செலவழித்துத் தீர்க்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது.

"சிம்பிள் மாமா" என்றார் மச்சினர். "கிச்சனுக்கு ரோஸ். கக்கூஸுக்குப் பச்சை. பின்னாடி கழுவுறதுக்கு எதுக்குக் குடிக்கிற குவாலிட்டி?"

அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார்.

"ரெண்டும் ஒரே பம்ப் ப்ரோ. குழந்தைக்குப் பால் கலக்குற தண்ணி அதுலதான் வருது."

"தெரியும்டா. முதல்ல பச்சை, அப்புறம் ரோஸ். பின்னாடி வர்றது முன்னாடி போனதைத் தள்ளிட்டுப் போயிடும். மெக்கானிக்கல் படிச்சது நானா நீயா?"

"நான் போய் வாங்கிட்டு வந்துடறேண்ணா. அதுவரைக்கும் எதுவும் ஊத்தாதீங்க." அண்ணன் சாவியைத் தூக்கிப் போட்டார். மச்சினர் என்னோடு கார் வரை வந்து, பச்சை கேஸை இறக்கி வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் நான்கு ரோஸ் டப்பாக்களோடு ஏணியேறி வந்தபோது ஆறு பச்சை டப்பாக்களும் காலியாகக் கிடந்தன. ஃபாசெட் நுனியில் பச்சைச் சொட்டு.

"ஒரு ஃபாசெட்டுக்கு ஆறு கேலனா?" என்று கேட்டேன்.

"அதான் நாங்களும் பார்க்கிறோம். எங்க போச்சுன்னே தெரியல" என்றார் அண்ணன், ஏதோ கொஞ்சம் சில்லறை காணாமல் போனதைப் போல.

உறிஞ்சு குழாயை ரோஸ் டப்பாவுக்குள் விட்டு பம்பைப் போட்டேன். சமையல் குழாயில் சுடுதண்ணீர்ப் பக்கம், காலையில் வடித்தபோது திறந்தது, மூடாமலே இருந்தது. அது இருமிற்று. காற்றைத் துப்பிற்று. அப்புறம் பச்சையாகக் கொட்டத் தொடங்கி நிற்கவே இல்லை. திறந்திருந்த அந்த வழியாகப் பச்சை முழுதும் போய், காலையில் நாங்கள் வடித்துக் காலியாக்கிய வெந்நீர் ஹீட்டரை நிரப்பியிருந்தது. ரோஸ் சேரச் சேர நிறம் மாறி, நெஞ்சுச்சளி போல ஒரு பழுப்பு சிங்க்கில் இழுபட்டு இறங்கியது. மிஞ்சியிருந்ததையும் சேர்த்து ஐந்து டப்பா தீர்ந்தும் சுத்தமான ரோஸ் வரவில்லை.

"ஸ்ப்ரிங்ல நல்லா ஃப்ளஷ் பண்ணா போச்சு" என்றார் மச்சினர். "அக்காகிட்ட மட்டும் யாரும் உளறாதீங்க."

அண்ணன் தலையாட்டினார். தன் சொந்தக் குழந்தை. அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. திரும்பும் வழியில் சமோசா வாங்கினார்கள். மச்சினர் அந்தக் கைகளாலேயே பிட்டுச் சட்னியில் தோய்த்துத் தின்றார், விரலைச் சூப்பினார். எனக்கு ஒன்று நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அக்கா குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா? தண்ணி லைனெல்லாம் சுத்தமா?"

"சூப்பர்க்கா" என்றார் மச்சினர்.

பேஸ்மென்ட் படிக்கட்டு மூன்றே எட்டில் இருந்தது. இறங்கியிருக்கலாம். என் வாடகை அந்த வீட்டில், என் வருடாந்திர ரிவ்யூ அந்த அண்ணன் கையில். "சுத்தமில்லக்கா" என்றேன். ஹீட்டர், பம்ப், பச்சை, டப்பாவின் முதுகில் எழுதியிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"தம்பி, இது எங்க வீட்டு விஷயம்" என்றார் அண்ணன்.

"வீட்டு விஷயமா? என் பிள்ளை வாயில போற விஷயம்." அக்கா குரலை உயர்த்தவில்லை. குழந்தையைத் தட்டுவதும் நிற்கவில்லை. தன் தம்பியான மச்சினர் பக்கம் திரும்பினார். "ஃப்ளஷ் பண்ணா போயிடும்ல? சரிடா. ஸ்ப்ரிங்ல நீயே ஃப்ளஷ் பண்ணு. முதல் கிளாஸ் நீ குடி, ரெண்டாவது உங்க மாமா குடிக்கட்டும். அப்புறம் நான் பிள்ளைக்குக் கலக்கறேன்."

மச்சினர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அண்ணன் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டினார், எடுத்தார், மறுபடி மாட்டினார்.

"அப்ப எல்லாத்தையும் மாத்துங்க" என்றார் அக்கா.

மாற்றினார்கள். ஹீட்டர், பம்ப், இரண்டு குழாய்கள், உள்ளே ஓடுகிற அத்தனை பைப்பும், ஹெல்த் ஃபாசெட்டுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி. பச்சையை முறைப்படி அள்ளிக்கொண்டுபோக மரினா தனியாக பில் போட்டது. அண்ணன் என்னிடம் பொங்கல்வரை பேசவில்லை. டீலில் பச்சை கேலனுக்கு மூன்று டாலர் மிச்சம் என்று மச்சினர் இப்போதும் சொல்கிறார். பில்லை அக்காதான் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார், போகும்போதும் வரும்போதும் இருவர் கண்ணிலும் படும்படி: மூவாயிரத்து நூற்று நாற்பது டாலர்.