பங்குனியில் வற்றாத தண்ணீர்

பங்குனி பிறந்தால் எங்கள் ஊர் முழுக்கச் சேற்று வாடை அடிக்கும். அரிமளத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் கண்மாய் வற்றி, விரால்களின் முதுகு வெளியே தெரியத் தொடங்கியதும், யாராவது கரைமேல் நின்று "கம்மாய் அழிஞ்சிருச்சு" என்று கத்துவார்கள். ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் பிடிக்கச் சேற்றில் இறங்கிவிடும். தண்ணீர் என்றால் ஐப்பசியில் வரும், பங்குனியில் போகும். வேறு விதமான தண்ணீரை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. என் சித்தியின் வயிற்றெரிச்சலுக்கு அந்த அறியாமையும் ஒரு காரணம். பெரிய காரணம் அந்தப் பாழாய்ப்போன அணை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மழை பொய்த்ததால் சித்தப்பா மேற்கே, கரண்டு எடுப்பதற்காகக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அணைக்குக் கல் சுமக்கப் போனார். அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் இருந்த ஊர்களை எல்லாம் காலி செய்யச் சொன்ன நேரத்தில், அவற்றில் ஒன்றில் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

சித்திக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே தங்கை, பெரிய மனுஷியாகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டவள். அப்படிப் போன பெண்ணை வீட்டுக் "கன்னி"யாக வைத்துக் கும்பிடுவது அவர்கள் பக்கத்திலும் உண்டு, எங்கள் பக்கத்திலும் உண்டு. புதைத்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, வருஷம் ஒரு புதுப் பாவாடை படைத்து, அதை ஒரு சிறுமிக்கு உடுத்திவிட வேண்டும். ஊரை விட்டுப் போகிறவர்கள் அந்த இடத்தில் முறையாகப் படையல் போட்டு, "பிடிமண்" எடுத்துக்கொண்டு போய், போகிற ஊரில் வைத்துக் கும்பிட வேண்டும். ஒரு கைப்பிடி மண் போதும். சித்தி அதைத்தான் கேட்டாள்.

"இப்ப படையல் போட எங்கிட்டு நேரம் இருக்கு? எங்க தேக்குனாலும் தண்ணி தண்ணிதானே. பங்குனியில வத்திரும். அப்ப வந்து நிதானமா எடுத்துக்கலாம் வா, புள்ள" என்றார் சித்தப்பா.

"நெசமா வத்திப்போயிருமுங்களா?"

"கட்டுனவன் சொல்றேன், நம்ப மாட்டியா?"

நம்பினாள். எங்கள் ஊரிலும் ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். கல்லைத் தலையில் ஏற்றிவிட்டவர்கள், அந்தச் சுவருக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் எத்தனை காலம் நிற்கும் என்பதைச் சுமந்தவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது தலைதானே!

அணை நிறைந்த பிறகு வந்த பங்குனியில் சித்தி புதுக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு சிவப்புப் பாவாடை வாங்கினாள். படைத்த பிறகு உடுத்துவதற்கு ஒரு சிறுமி வேண்டும் என்று, மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என்னையும் அழைத்துப்போனார்கள். ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போய் இறங்கினால், எதிரே கரை தெரியாமல் நீலமாகக் கிடந்தது தண்ணீர். பக்கத்தில் பூங்கா வைத்திருந்தார்கள். ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கடலை மணத்தை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சித்தப்பா அங்கிருந்த காவல்காரரிடம் போய், "எப்பங்க வத்தும்?" என்று கேட்டார்.

அந்த ஆள் சிரித்தார். "வத்துனா கரண்டு எப்படிய்யா வரும்? வத்தவிடவா இம்புட்டுச் செலவழிச்சுக் கட்டியிருக்கு?"

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. சித்தி அழவில்லை, அவரைத் திட்டவும் இல்லை. தண்ணீரின் நடுவே ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தப் பாவாடைமேல் ஆசை. மெல்ல அதைத் தொட்டேன். "வேண்டாங் கண்ணு, அவளுக்குப் படைக்காம ஒனக்குக் கட்டக் கூடாது" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சில வருஷங்களில் எங்கள் ஊருக்கும் கரண்டுக் கம்பம் நட்டார்கள். முதல் பல்பு எரிந்த அன்று வேட்டுப் போட்டுக் கொண்டாடினார்கள். அது எந்த அணையின் கரண்டோ எனக்குத் தெரியாது. சித்திக்கு எல்லாக் கரண்டும் அந்த அணைதான். வீட்டில் பல்பைப் போட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். "ஏத்தா, வெளிச்சம் ஒன்னய என்ன பண்ணுச்சு?" என்று என் அம்மா ஒருநாள் கேட்டதற்கு, "அவ தலைமேல தண்ணி நிக்கறதாலதானுங்க்கா இது எரியுது" என்றாள். அதன் பிறகு அவளிடம் யாரும் கேட்கவில்லை. சித்தப்பா கடைசிவரை அவளோடு வாசலில் இருட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

இப்போது எங்கள் கண்மாயில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நிறைந்தால்தானே வற்றுவதற்கு! கிணற்றுக்கு மோட்டார் வந்த பிறகு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்ட ஆள் இல்லாமல் போயிற்று. பங்குனியில் அந்தச் சேற்று வாடையும் இல்லை. சித்தியும் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவளுடைய டிரங்குப் பெட்டி என்னிடம் இருக்கிறது, மடிப்பில் இற்றுப்போன அந்தப் பாவாடையோடு.

போன கோடையில் டிவியில் அந்த அணையைக் காட்டினார்கள். அடிமட்டம் வரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. நீரில் மூழ்கியிருந்த ஊர்களின் சுவரும் படிக்கட்டும் வெளியே தெரிய, அதன் முன்னால் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா சொன்னபடி, அதுவும் பங்குனியில்தான் வற்றியிருந்தது. நான் தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தேன். அணையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் வீட்டு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் எதற்கடா அந்தக் கன்னியை முக்கினீர்கள்?

அங்கே போய் வரலாம், கார் எடுக்கிறேன் என்றான் பேரன். பெட்டியைத் திறந்து பாவாடையைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு பெட்டியிலேயே வைத்து மூடினேன். அங்கே மண் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. அதில் எந்தக் கைப்பிடி என்று காட்டச் சித்தி இல்லை.