கோச்சடையில் ஒரு ஸ்பூன் உப்பு

காலை 6.40. திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். மடியில் கிராம் காட்டும் சின்னத் தராசு. ஊர் பார்க்கப் போகவில்லை. கோச்சடையில் இருக்கும் என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புதான் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. ஆனாலும் கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. போன வாரம் டாக்டர், வீட்டில் உப்பு கூடுகிறது, இதயம் கெட்டுவிட்டது, இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார். மதினி போனில் அழுதார். ஒரு ஸ்பூனுக்கு மேல் போட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார்.

பக்கத்து சீட்டுக்காரர் தராசையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, நகைக்கடையா?"

"உப்பு நிறுக்கப் போறேன்."

"உப்பையா? அம்புட்டு விலை ஏறிப்போச்சா?"

நான் சிரிக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

8.20. விளாங்குடியில் நெரிசல். கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. வெயில் அப்போதே சுட்டது. ஆரப்பாளையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன், இருபது ரூபாய். வைகையில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும்தான்.

9.10. அண்ணன் நாற்காலியில் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுவதால் தூக்கமும் அதில்தான். அடுப்படிச் சுவரில் என் கையெழுத்தில் சீட்டு: 'உப்பு, நாளைக்கு ஒரு ஸ்பூன்.' மதினிக்குக் கிராம் புரியாது என்று போனில் தேடி, ஸ்பூனாக மாற்றி, நான்தான் எழுதி ஒட்டினேன்.

"எப்பவும் போடுற மாதிரி போடுங்க மதினி."

ஸ்பூனைக் கோபுரமாக அள்ளினார். சிந்தாமல் அடியில் இன்னொரு கையை ஏந்திக்கொண்டு வந்து தராசில் கொட்டினார். பதினொன்று. மறுபடி போடச் சொன்னேன். பத்து. மறுபடி பதினொன்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் இப்படிக் கும்பாரமா அள்ளுறீக?"

"இந்த வீட்டுல எதைத்தான் தலை தட்டி அளந்திருக்கோம்? அரிசிய அப்படி அளந்தாலே அத்தை வைவாக. உங்க அண்ணனுக்குப் போடுறதையா வழிச்சு அளப்பேன்?"

அத்தை என்றது என் அம்மாவை. அதே வீட்டில் வளர்ந்தவன்தான் நான். அங்கே எந்த அளவும் தலை தட்டப்பட்டதில்லை என்று எனக்குத் தெரியும். எழுதும்போது யோசிக்கவில்லை. அன்றே தராசு வாங்கிக் கொடுத்திருந்தால், நிறுத்துப் போடுவது இரண்டு நிமிட வேலை.

கத்தி முதுகால் ஸ்பூனை வழித்து நானே நிறுத்தேன். ஆறு. வழித்து அளந்திருந்தாலும் என் சீட்டு தப்பு.

மதினி தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நானா தம்பி அவுகள இப்படி ஆக்குனேன்?"

"இல்ல மதினி. நான் எழுதுனது தப்பு."

"ஒரு ஸ்பூன்னுதான எழுதியிருக்கீக. அள்ளுனது நான்."

என்ன சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அவகிட்டக் கத்தாதடா," என்றார். "எனக்குப் போட்ட சோறு நல்லாத்தான் இருந்துச்சு."

மதியம் 1.30. கிளம்பினேன். அன்று மதினி உப்பே போடாமல் சமைத்திருந்தார். அண்ணன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"அடுத்த வாரம் வாரியா?" என்று கேட்டார்.

"வாரேன்" என்றேன். அதுவரை அவர் இருப்பாரா என்பதற்கு டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.