பந்தி கேட்டால் பன்றி வந்தது

வேதாச்சலத்துக்குச் செல்போன் என்றாலே ஆகாது. சும்மா வாய்ப்பேச்சுக்கு ஆகாது என்று சொல்லவில்லை. திருப்பதிக்குப் பக்கத்து வடமாலபேட்டை டீக்கடை பெஞ்சில் நாலு பேர் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"எலையில சோறு வச்சா கூட நிமிந்து பாக்க மாட்டானுங்க. கழுத்து ஒடிஞ்ச கோழிங்க மாரி குந்திகினு கீறானுங்க பாரு!"

இரண்டு வருஷமாக இதே பேச்சு. கேட்டவர்கள் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள், அவர் மகள் சுமித்ராவுக்கு வேலையே தடா ஊர்ப் பக்கம் செல்போன் பூட்டுகிற கம்பெனியில்தான். அப்பனுக்கு ஆகாத சாமானுக்கு மகள் நாள் முழுக்க நின்றுகொண்டு பின்மூடி மாட்டி அனுப்புகிறாள். ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள். இரண்டாயிரத்துப் பதினேழு பொங்கலுக்கு ஒரு போனை வாங்கிவந்து அவர் கையில் திணித்தாள். எல்லாவற்றையும் தெலுங்கில் மாற்றி வைத்திருந்தாள். வீட்டில் பேசுவது தமிழானாலும் வேதாச்சலம் பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து அவருக்கு ஒன்றுகூடப் பிடிபடாது. அவர் போனை ஒரு துண்டில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்தார். மகள் பேசினால் மட்டும் எடுப்பார். மற்றபடி அவருக்கு டிவி உண்டு. ஏழு மணிக்குச் செய்தி, பிறகு ஒரு பழைய படம், ஒன்பதுக்குப் படுக்கை. இந்த ஒழுங்கில் ஒரு நாளும் மாற்றம் கிடையாது.

ஒரு நாள் டீக்கடையில் உரக்கடை புருஷோத்தமன் பேச்சுவாக்கில் சொன்னான்: "அண்ணா, எங்க பத்மாவதி அக்கா கல்யாண கேசட் கீதுல்ல, அத்த அவுங்க பையன் போன்ல எல்லாரும் பாக்கற மாரி ஏத்திட்டான். பந்தியில செங்கம்மா அக்கா கூட கீறாங்க. இன்னாவோ பேசிகினு கீறாங்க."

வேதாச்சலம் "ஓகோ" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

செங்கம்மா அவர் மனைவி. காய்ச்சலில் போய் ஆறு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டுக்காக எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது, முகத்துக்குக் குறைவில்லை. ஆனால் குரல் போய்விட்டது. என்றைக்குப் போனது என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் மாவு சலிக்கும்போது, அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தார். சொல் வந்தது. குரல் மட்டும் அவருடைய சொந்தக் குரலாக இருந்தது. எத்தனை தடவை முயன்றும் அப்படியேதான். முப்பது வருஷம் காதில் விழுந்த குரலைத் தொலைத்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அழுதார். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அது எங்கேயோ இருக்கிறது என்கிறான் புருஷோத்தமன். எப்படிப் பார்ப்பது என்று அவனையே கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாகக் கோழி, கோழி என்று கத்திய வாயை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பார்?

கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். மைக் படத்தைத் தொட்டால் பேசலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். தொட்டார். கல்யாண மண்டபத்தில் குரல் கொடுப்பது போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"பந்தி!"

பன்றி வந்தது. ஒன்றா இரண்டா, திரை நிறையப் பன்றிகள். கறுப்பு, வெள்ளை, குட்டிகளோடு ஒன்று, சேற்றில் ஒன்று.

"ச்சீ!" என்று போனைக் கட்டிலில் போட்டார். பிறகுதான் உறைத்தது. தெலுங்கில் பந்தி என்றால் பன்றி.

இது அவருக்குப் புதிதல்ல. திருப்பதி மண்டபங்களில் பந்தி பரிமாறுகிற ஆட்களுக்கு இருபத்தைந்து வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். தொழிலுக்கு வந்த புதிதில் புத்தலப்பட்டில் ஒரு கல்யாணம், வந்தவர்கள் அத்தனை பேரும் தெலுங்குக்காரர்கள். இவர் வாய்ப் பழக்கத்தில் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் நின்று, "பந்தி! பந்தி! வாங்க, வாங்க!" என்று கூவினார். மாப்பிள்ளையின் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். விஷயம் புரிந்த பிறகு மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் செங்கம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து வீட்டுக்குள் அவருக்கு அதுதான் பெயர். "யோவ் பந்தி, தண்ணி கொண்டா." "பந்தி, சோறு ஆறுது." அவள் போன பிறகு அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

போனை மறுபடி எடுத்தார். ஒரு தாய்ப்பன்றி பத்துக் குட்டிகளோடு வாய்க்காலில் இறங்கியது. பார்த்தார். அது முடிந்ததும் தானாகவே அடுத்தது வந்தது. எங்கேயோ பனி பெய்கிற ஊர், அங்கே ஒரு பன்றி நிதானமாக நடந்துபோனது. பிறகு பன்றி போய்ப் பனி மட்டும் வந்தது. பனியிலிருந்து கடல், கடலிலிருந்து படகு, படகில் பேர் தெரியாத ஒருவன் மீன் குழம்பு வைத்தான். பாஷை ஒன்றும் புரியவில்லை. குழம்பு மட்டும் நன்றாகக் கொதித்தது.

அப்படியே நாட்கள் போயின. ஏழு மணிச் செய்தி எப்போது வந்தது, எப்போது முடிந்தது என்று தெரியாது. டிவிமேல் துணி விழுந்தது. மத்தியானம் கட்டிலில் சாய்ந்தால், தலையணையில் சாத்திவைத்த போனுக்குள் மழை பெய்யும், ரயில் போகும், யாரோ கிணறு வெட்டுவார்கள். பாதித் தூக்கத்தில் அவர் அந்த ஊர்களுக்குள் நடந்தார். ஒவ்வொரு ஊரிலும் ஏதோ ஒரு வீட்டுக்குள் செங்கம்மா யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள், அடுத்த தெரு திரும்பினால் கேட்டுவிடும் என்று தோன்றும். திரும்புவார். மறுபடி பன்றி வந்து நிற்கும். ஆனாலும் அந்த நடை அவருக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுமித்ரா போனை எடுத்துப் பார்த்து மிரண்டுபோனாள்.

"இன்னா நைனா இது, ஒரே பன்னியா கீது? பன்னி வளக்கப் போறியா இன்னா?"

"பந்தின்னு சொன்னேம்மா. அது இத்த கொண்ணாந்து காட்டுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா ஒன்ன கூப்புடற பேரு! இப்ப இன்னாத்துக்குப் பந்தி ஒனக்கு?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உங்கம்மா குரலத் தேடிகினு கீறேன். எனக்கு மறந்துபூச்சி" என்றார்.

சுமித்ராவின் சிரிப்பு நின்றது. "எனக்கும் மறந்துபூச்சி நைனா" என்றாள்.

அதற்குமேல் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது? சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனார். "புருஷோத்தமா, பத்மாவதி கல்யாணத்த போன்ல எப்டிடா தேடறது?" என்றார், கடைக்கே கேட்கும்படி.

அன்றைக்குத்தான் பெஞ்சில் அத்தனை கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. "இன்னா அண்ணா, நீயும் கோழிக்கூட்டத்துல சேந்துட்டியா?" என்று ஒருவன் கேட்டான்.

"சேந்துட்டேன்டா. தள்ளி குந்து."

புருஷோத்தமன் மட்டும் சிரிக்கவில்லை. "பந்தின்னு சொல்லாத அண்ணா. 'பத்மாவதி பெள்ளி, வடமாலபேட்ட'ன்னு கல்யாணத்தக்கூட தெலுங்குலயே சொல்லு, வரும்" என்றான்.

வந்தது. மூன்று மணி நேரக் கேசட். வீட்டில் அப்பாவும் மகளும் ஒரு நிமிஷம்கூடத் தள்ளாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். பெண் அழைப்பு, தாலி, மொய் எல்லாம் போய், இரண்டாம் மணி முடிகிற நேரத்தில் பந்தி வந்தது. ஐந்தாவது இலையில் செங்கம்மா. பச்சைப் புடவை, தலை நிறைய மல்லிகை. அவள் இலைமேல் ஒரு கை இரண்டாவது போளியை வைத்தது. மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு. வேதாச்சலத்தின் கைதான் அது. செங்கம்மா நிமிர்ந்து பார்த்து என்னவோ சொன்னாள், சிரித்தாள். காமிரா அடுத்த இலைக்குப் போய்விட்டது.

ஆனால் குரல் இல்லை. பந்தி முழுக்க நாதஸ்வரத்தோடு ஒரு சினிமாப் பாட்டு. கேசட் செய்தவன் உள்ளே பேசிய பேச்சையெல்லாம் அழித்துவிட்டுப் பாட்டை ஏற்றியிருந்தான்.

"பாட்டப் போட்டு மூடிட்டானே பாவி!" என்று வேதாச்சலம் கத்தினார். சுமித்ரா சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். பாட்டுதான் கூடியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோகப் பார்த்தாள்.

வேதாச்சலம் போனை வாங்கி, பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பாட்டு குறைந்தது, இன்னும் குறைந்தது, ஒன்றுமே இல்லாமல் போனது.

"சத்தமே இல்லன்னா இன்னாத்தப் பாக்கறது நைனா?"

"கம்முனு இரும்மா."

மறுபடி ஓடவிட்டார். மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார். கை வந்தது, போளி வந்தது, செங்கம்மா நிமிர்ந்தாள். அவள் உதடு இரண்டு தரம் ஒட்டிப் பிரிந்தது. மறுபடி ஒட்டிப் பிரிந்து, பல் தெரிந்தது. வேதாச்சலம் இன்னொரு தரம் பார்த்தார். இன்னொரு தரம். நாலாவது தரம் அவருடைய உதடும் அவளோடு சேர்ந்து அசைந்தது.

"அம்மா இன்னா சொல்றாங்க?" என்று சுமித்ரா மெல்லக் கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். கொஞ்சம் கரகரப்பாக, முடிவில் ஏறி, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்.

"போதும்யா, பந்தி!"

சுமித்ரா, அம்மாவே கூப்பிட்டது போலத் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா கூப்புடு நைனா."