டியர் கோவிந்தசாமி

போன வாரம் ஒரு ஜெர்மனிக்காரர் என் முகத்தைப் பார்த்து, "கோவிந்தசாமி எப்போது வருவார்?" என்று கேட்டார்.

வீடியோ கால். அந்தப் பக்கம் பேராசிரியர் மார்ட்டின். பல வருடமாக நானும் அவரும் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுகிறோம். எல்லாம் மெயிலிலேயே... 'டியர் கோவிந்தசாமி' என்றுதான் ஆரம்பிப்பார். புதுக் கட்டுரையில் ஒரு சந்தேகம், பேசித் தீர்க்கலாம் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேமராவைப் போட்டோம்.

"நான்தான் கோவிந்தசாமி" என்றேன். வேறு என்ன சொல்ல?

மனிதர் ஆடிப்போய்விட்டார். இத்தனை வருடமும் ஓர் ஆணுக்கு எழுதுவதாக நினைத்திருக்கிறார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோவிந்தசாமி என் அப்பா. விழுப்புரம் பக்கம் கெடாரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்தவர்.

நம்மூரில் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், அதோடு சரி. முதல் கட்டுரையை அனுப்பும்போது 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பா பெயரைப் போட்டேன். தீர்ந்தது கதை. அன்றிலிருந்து அச்சில் 'கோவிந்தசாமி, பி.' அந்தப் 'பி'தான் நான் — பூங்காவனம். மேல்மலையனூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வைத்த பெயர்.

யானைக்கால் புழு வருடக்கணக்கில் உடம்புக்குள் குடியிருந்தும் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏன் கண்டுகொள்வதில்லை? இதுதான் என் ஆராய்ச்சி. திருவாமாத்தூர் பக்கம் ஊர் ஊராகப் போய் ரத்த மாதிரி எடுத்தவள் நான். பிரேசிலிலும் ஜப்பானிலும் மேற்கோள் காட்டப்படுபவர் அப்பா. இறந்த பிறகும் கட்டுரை வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்... எந்த விஞ்ஞானிக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?

மார்ட்டின் மன்னிப்புக் கேட்டார். "இந்தக் கட்டுரையிலிருந்து உங்கள் பெயரையே போடலாமே? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்றார்.

ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பெரிய ஆசை. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் காலேஜில் 'மேடம்'. திண்டிவனத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். பக்கத்துப் போர்ஷனுக்கு 'ஆன்ட்டி'. தம்பிக்கு 'அக்கா'. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அப்பா. அவரும் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அச்சிலாவது நான் நானாக இருந்துவிட்டுப் போகிறேனே?

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தம்பிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கெடாரில் நிலத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"ஏன்க்கா எடுக்குற? நெலம் எம்பேருக்கு வந்துடுச்சி. ரேஷன் கார்டுல அவர அடிச்சிட்டாங்க. கரண்ட் பில்லும் எம்பேர்லதான் வருது. அப்பா பேரு உங்கிட்ட மட்டுந்தான் இன்னும் ஓடிக்கினு இருக்குது. அதையும் எடுத்துட்டா அவருக்கு இன்னாதான்க்கா இருக்குது?"

'அப்ப எனக்கு?' என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "சரிடா, சாப்பிட்டியா?" என்றேன்.

ஒரு மனிதரை இந்தப் பூமியிலிருந்து எடுத்துவிட எத்தனை ஆபீஸ் பாருங்கள்! நாமே வரிசையில் நின்று அதற்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு வருகிறோம்.

வியாழக்கிழமை மார்ட்டினுக்கு மெயில் அனுப்பினேன் — கோவிந்தசாமியே இருக்கட்டும். காரணத்தையும் எழுதினேன். எழுதும்போது அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

உடனே பதில். 'புரிகிறது. ஆனால் இனிமேல் பேசும்போது உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எப்படிச் சொல்ல வேண்டும்? உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள்.'

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்திவிட்டு, செல்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பூங்காவனம்" என்றேன். நம் பெயரை நாமே சொல்வது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது!

சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். ஆளில்லாத வீட்டில் கணீரென்று கேட்டது.

என் வாய் தன்னால் பதில் சொன்னது — "இன்னாப்பா?"