பவுடர் டப்பாவில் மூன்று ரேடியோ திருகுகள்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், நடுவில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாசனை மட்டும் மறக்கவில்லை. எங்கள் வால்வு ரேடியோவைப் போட்டால் உடனே பாடாது. உள்ளே விளக்கு எரிந்து, தூசி சூடாகிற வாசனை முதலில் வரும், அப்புறம்தான் பாட்டு. மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தையல்கடை ரவிக்கைகளுக்குக் கொக்கி வைக்கும் அம்மா, அந்த வாசனை வந்ததுமே ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அப்பா அவளுக்கென்று வாங்கிக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான்.

அப்பா தவறிய பிறகு, எதை ரிப்பேர் செய்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று தீர்ப்புச் சொல்லத் தி.நகரிலிருந்து பெரியப்பா வருவார். ஸ்டவ், கடிகாரம் எல்லாவற்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஒருநாள் ரேடியோ பாடவில்லை. அதை ஆட்ட முடியாமல் தட்டிப் பார்த்துவிட்டு, "வால்வு பூட்ச்சிம்மா. இத்த ரிப்பேர் பண்றது தெண்டம். காய்லாங்கடைல போட்டுர்றேன்" என்று ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆடிக் கூழுக்கு அவர் வீட்டுக்குப் போனால், கூடத்தில் பூப்போட்ட உறையோடு அது பாடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் எங்கள் வீட்டு ஊதுவத்தி சுட்ட கறுப்புத் தழும்பு அப்படியே இருந்தது. "செகண்ட் ஹேண்ட்ல வந்திச்சி" என்றார் பெரியப்பா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். "நல்லா பாடுது மாமா" என்றாள் அம்மா. பஸ்ஸில் திரும்பும்போது, "பெரியவங்களாண்ட இன்னான்னு கேக்கறது, வுடு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் விடவில்லை. வாய் திறக்காத பெண் நான். பெரியப்பா எனக்கு வைத்த பெயர் ‘ஊமைச்சி’. ‘ஊமை ஊரைக் கெடுக்கும்’ என்பாள் பெரியம்மா. தீபாவளிக்குப் போனபோது, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், சத்தம் கூட்டுகிற திருகைப் பிடித்து இழுத்தேன், கழன்று வந்தது. பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். பொங்கலுக்கு இன்னொன்று. அவர் மகனுக்குக் காது குத்தியபோது மூன்றாவது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் எப்படிக் கேட்பார்? கேட்டால் அது யார் வீட்டு ரேடியோ என்ற பேச்சு வருமே. அன்றைக்குத் திருகு போன மொட்டைக் கம்பியைக் குறடால் சுற்றப் போய், ஷாக் அடித்துக் கையை உதறினார். "இன்னாய்யா, ரேடியோ உன்ன கட்ச்சிதா?" என்று பெரியம்மா சிரித்தாள். நான் பாயசத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பாயசம் போல இன்றுவரை எதுவும் எனக்கு இனித்ததில்லை.

பிறகொரு நாள் என் பவுடர் டப்பாவைத் திறந்த அம்மா, உள்ளே இருந்த திருகுகளைப் பார்த்தாள். மூடி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

காது குத்திக்கொண்ட அந்தத் தம்பி போன மாதம் ஆட்டோவில் ரேடியோவோடு வந்தான். "யக்கா, வூட்ட இடிச்சி பிளாட்டு கட்றோம். மூணு திருகு கெடச்சா இத்த சரி பண்ணித் தர்றேன்னு ஒருத்தன் சொல்றான். உன்னாண்ட பழைய சாமான் எதுனா கீதா?"

டப்பா அவன் தலைக்கு நேர் மேலே, அலமாரியில்தான் இருந்தது. எங்கள் அம்மா பெயரை அவன் ஒரு தரம் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவது என்று நினைத்து, "யாருதுப்பா இது?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா, நைனாதுதான். உசுரா வெச்சினு இருந்தாரு."

அவனிடமும் அவர் சொல்லவில்லை.

"வால்வு பூட்ச்சிப்பா," என்றேன். "இத்த ரிப்பேர் பண்றது தெண்டம். காய்லாங்கடைல போட்டுரு."

போட்டுவிட்டான். இப்போது அம்மாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை, வாசனை வந்து பாட்டு வருகிற ரேடியோ எந்த வீட்டிலும் இல்லை. பழைய ரேடியோக்கள் தெரிந்த யாராவது இதைப் படித்தால், அந்த மாதிரிப் பெட்டிக்குத் திருகு மூன்றா நான்கா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். எனக்கு மறந்திருக்கலாம். என்னிடம் இருப்பது மூன்று.