விசில் ஊதும்வரை தோப்புக்கரணம்

போன வருடம், இரண்டாம் தவணை தொடங்கிய முதல் வாரம். பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்குப் பஸ் ஏறிப் பாடசாலை போகும் என் மகளுக்கு நடந்தது இது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரி இல்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

மகள் பாடசாலை வலைப்பந்து அணியில் ஆடுகிறாள். லீவு முழுக்கப் பந்தைத் தொடவில்லை. வலய மட்டப் போட்டி வருகிறது என்று வெளியிலிருந்து ஒரு கோச்சைப் பிடித்திருந்தார்கள். முதல் நாள் பயிற்சிக்கு எங்கள் ஊர் பஸ் பிந்தியது, பிள்ளையும் பிந்திப் போனாள். பஸ் பிந்தினால் தண்டனை யாருக்கு? டிரைவருக்கா? பிள்ளைக்குத்தான்! மைதானத்து ஓரத்தில் வெயிலில் நிறுத்தி, தான் விசில் ஊதும்வரை தோப்புக்கரணம் போடச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்க்கப் போனவர், இவளை மறந்தேவிட்டார். மறந்தாரோ, வேண்டுமென்றே விட்டாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். கால் மடங்கி இவள் கீழே விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம்.

வீட்டுக்கு வந்தவள் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கி, தொட்டால் கல்லு மாதிரி இருந்தன. அதட்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உடனே கோச்சுக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்தார்.

"அது லெக்டிக் எசிட் அம்மா. வீட்டுல படுக்க வச்சா வலி கூடிரும். நாளைக்கு அனுப்புங்க, ரெண்டு ரவுண்டு ஓடினா கரைஞ்சிரும்."

பெரிய வார்த்தை ஒன்றைச் சொன்னால் நாம் வாயை மூடிக்கொள்வோம் என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். நானும் மூடிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பாத்ரூமுக்குள்ளிருந்து மகள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், சிறுநீர் பால் விடாத கடும் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "வெயில்ல நின்டிருக்கா, சூடு பிடிச்சிருக்கு. தம்பிலி குடிச்சா சரியாயிரும்" என்று கடைக்குப் போய் இரண்டு செவ்விளநீர்க் காய்களோடு வந்தார். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் சூடுதான், எல்லாச் சூட்டுக்கும் தம்பிலிதான் மருந்து. ஆனால் சூடு பிடித்தால் தொடை எதற்கு வீங்க வேண்டும்? எனக்கு மனசு கேட்கவில்லை. சீவிய காயைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோக விடாமல் பிடுங்கி வைத்துவிட்டு, த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர் அம்மாவின் முகம் மாறிப்போனது. எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் ஒவ்வொன்றாக விளக்கினார். தசைக்குள்ளேயே கொஞ்சம் சர்க்கரை சேமிப்பில் இருக்குமாம். வேலை கொடுக்கும்போது தசை அதை எரித்துத்தான் சக்தி எடுக்கிறது. மூச்சுக் காற்று போதாமல் அவசரமாக எரிக்கும்போது உண்டாவதுதான் கோச் சொன்ன அந்த எசிட். ஓய்ந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் உடம்பே அதைத் தீர்த்துவிடும். மறுநாள் வலிக்கு அதைக் காரணம் சொல்வதே தவறு. பழக்கமில்லாத தசையைச் சக்தி தீர்ந்த பிறகும் விடாமல் வேலை வாங்கினால், தசை உடைந்து, உள்ளே இருப்பதெல்லாம் இரத்தத்தில் கலந்துவிடுமாம். சிறுநீரில் வந்த நிறம் அதுதான். அது சிறுநீரகத்தை அடைத்தால் பிள்ளையை இரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினில் போட வேண்டி வரும் என்றார்.

தம்பிலி கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். உடைந்த தசையிலிருந்து வரும் பொட்டாசியமே இரத்தத்தில் அதிகமாக இருக்கிறதாம். தம்பிலியிலும் அதே பொட்டாசியம் நிறைய உண்டு. அதுவும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறிப்போகலாமாம். எங்களோடு வந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சுவரோடு சாய்ந்து நின்றார்.

இரவு பகலாகச் சேலைன் ஏற்றினார்கள். மெஷின் வரைக்கும் போகவில்லை, கடவுள் காப்பாற்றினார். சிறுநீர் தெளிந்த அன்று வார்டு என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பாடசாலைக்குப் போனேன். அதிபரின் அறையில் கோச்சும் இருந்தார். "எங்க காலத்துல நாங்க போடாத தோப்புக்கரணமா? மத்தப் பிள்ளைகளுக்கு ஒன்னும் ஆகலையே. உங்க மகளுக்கு உடம்புல தெம்பு பத்தாது" என்றார். அதிபரோ "இதைப் பெரிசுபடுத்த வேணாம்மா, டீ குடிங்க" என்றார். மூன்று கிளாஸில் பிளேன்டீ வந்தது. கோபம் வந்தால் எனக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று ஒட்டவில்லை. கோச்சின் பக்கம் திரும்பினேன்.

"சேர், அந்தக் கிளாஸைத் தூக்கிப் பாருங்க. என் புள்ள இந்தக் கலர்லதான் ஒன்னுக்குப் போனா. இப்பக் குடிங்க பார்ப்போம்."

வாய்வரை கொண்டுபோன கிளாஸை அவர் கீழே வைத்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. பிறகு அவரைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது வேறு எந்த மைதானத்தில் விசிலும் கையுமாக நிற்கிறாரோ!

வென்றுவிட்ட நினைப்போடு அன்று வீடு திரும்பினேன். மகளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா போய் சண்டை போட்டீங்க? பிந்திப் போனது நான்தானே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கால் அந்தப் பாடு படுதே, நீயாவது நிறுத்தியிருக்கக் கூடாதாடி?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எப்படிம்மா நிறுத்துறது? சேர் விசில் ஊதலையே."

கோச் மேல் இருந்த கோபம் என்றைக்காவது தீர்ந்தாலும் தீரும். ஆனால், உடம்பு நிறுத்தச் சொல்லிக் கதறும்போதுகூட அடுத்தவரின் விசிலுக்குக் காத்திருக்கும்படி என் பிள்ளையைப் பழக்கியவர்களில் நானும் ஒருத்திதானே என்ற நினைப்பு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.